வெள்ளவத்தைச் சுவரும் பெட்ரா மணற்கல்லும்

கொழும்பிலிருந்து ஜோர்தானுக்கு, பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவைப் பார்க்கப் போகிறவர்கள், அதற்கு முன் ஒரு மாலை வெள்ளவத்தையில் கடலோரமாக நடந்து பழைய வீடுகளின் சுவர்களைப் பார்த்து வையுங்கள். மழை நேரே அடிக்கும் சுவர் பாசி பிடித்துக் கறுத்திருக்கும், ஆனாலும் பூச்சு நிற்கும். விறாந்தைக்குள் ஒதுங்கி மழை படாமல் இருக்கும் பக்கம்தான் மாவாக உதிரும். விரல் வைத்தால் வெள்ளைத் தூள் ஒட்டும். கடற்காற்று கொண்டுவந்த உப்பு அது. மழை பட்ட இடத்தில் கழுவப்பட்டுப் போகிறது, படாத இடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

பெட்ராவின் மணற்கல்லுக்கு நடப்பதும் இதுதான். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மி.மீ. மழை, அங்கே 200 மி.மீ. அளவுதான், உப்பைக் கழுவ அது போதாது. பாலைவனத்தில் காற்றுத்தான் கல்லை அரிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். காற்று அள்ளி வீசும் மணல் பெரும்பாலும் தரைக்குக் கிட்டவே பறக்கும். பாறை முகத்தில் 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் குழிகளை அது தோண்டியிருக்க முடியாது. அது உப்பின் வேலை. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காகும். ஒவ்வொரு முறையும் அந்தப் பளிங்கு கல்லின் நுண்துளைக்குள் வளர்ந்து மணல் மணிகளைப் பிரித்துத் தள்ளும். சோடியம் சல்பேற்று என்ற உப்பு இன்னும் பொல்லாதது. ஒரு மூலக்கூறு 10 நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு கனவளவில் மூன்று மடங்குக்கு மேல் பெருக்கும். கட்டடக் கல்லைச் சோதிக்கும் ஐரோப்பிய முறை இதைத்தான் பயன்படுத்துகிறது: 4 செ.மீ. கனசதுரத் துண்டை 14 சதவீதக் கரைசலில் 2 மணி நேரம் ஊறவைத்து, 105 பாகை செல்சியசில் காயவைப்பார்கள். இப்படி 15 தடவை. நலிந்த மணற்கல் அந்த எண்ணிக்கை முடியும்வரை தாங்காது.

அம்மானிலிருந்து பெட்ராவை ஒட்டிய வாதி மூசா ஊருக்கு வீதியால் மூன்று மணி நேரம் அளவு. சீக் எனும் 1.2 கி.மீ. இடுக்கு வழியாக நடந்தால், பாறையில் செதுக்கிய அல்-கஸ்னா முகப்பு. காலை 9 மணிக்குப் பிறகு அதில் வெயில் விழும்போது செதுக்கல்கள் தெளிவாகத் தெரியும். பாறைக்குள் குடைந்து ஒதுங்கி நிற்பதால் மழைநீர் அதன்மேல் வழிவதில்லை, அதனால்தான் இத்தனை கூர்மை மிஞ்சியிருக்கிறது. அங்கிருந்து அப்பால் நடந்து கல்லறை முகப்புகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே விளிம்புகள் இருக்கும், கீழே தூண் கரைந்து இடுப்பு மெலிந்திருக்கும். தரையிலிருந்து ஈரம் ஏறிக் காயும் பட்டை அது. ஈரமே வராத இடம் தப்பும், நீர் நன்றாக ஓடும் இடத்தில் உப்பு கழுவப்படும், நனைந்து காய்ந்து மீண்டும் நனையும் இடம்தான் அழியும்.

தேன்கூடு போன்ற குழிகளும் அப்படியே. வெளிமுகம் இரும்பு, சுண்ணாம்பு படிந்து ஓடுபோல் இறுகியிருக்கும். உள்ளே நிழல், மெதுவாகக் காயும், உப்பு தங்கும். ஆகவே குழி உள்நோக்கிப் பெருக்கும். சாய்ந்து நிற்பதும் பெயர் கீறுவதும் அந்த இறுகிய மேற்படையை உடைத்துவிடும், உள்ளே இருப்பது கையோடு வரும் மணல். தயவுசெய்து தொடாதீர்கள்.

மழை அறிவிப்பு இருந்தால் சீக்குக்குள் இறங்கவே வேண்டாம். 1963 ஏப்ரலில் திடீர் வெள்ளத்தில் அங்கே 20க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள்.

சில இடங்களில் சீமெந்து ஒட்டுப் போட்டிருப்பதும் கண்ணில் படும். சீமெந்து கல்லைவிட அடர்த்தி, ஈரம் அதன் வழி வெளியேற முடியாமல் பக்கத்துக் கல்லுக்குத் தாவும், அதன் கரையில் கல் உதிரும். நம் பழைய கபுக் கல் (செம்பூராங்கல்) சுவர்களிலும் இதே பிழைதான். சீமெந்து பூசியதும் உப்பு இன்னும் மேலே ஏறிவிடும். உப்புப் பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தட்டி, தூளைக் கூட்டி அள்ளி வெளியே போட்டுவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைத்த பிறகு சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள்.