வெறும் உடம்போட விடாதீங்க

டாக்டர் இன்னமும் அந்தப் பேச்சை எடுத்தால் "உங்க சட்டை" என்றுதான் சொல்வார். வேட்டை நாய்க்குப் போடும் கவசச் சட்டை அது. நான் அதைத் தைக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. சொன்னது ஒரு வாக்கியம், அதோடு ஒரு கடைக்கு வழி. ஆனாலும் எங்கள் கால்நடைக் கிளினிக்கில் அது என் கணக்கில் ஏறிவிட்டது.

ஜிம்மி என்ற நாயைக் கொண்டுவந்தவர் நிபோங் தெபால் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்காரர். அவரை எங்களுக்கு முன்பே தெரியும். 2015-இல் வெறிநாய்க்கடி நோய் மலேசியாவின் வடக்கே பெர்லிஸ், கெடா, பினாங்கு என்று பரவி, தெருநாய்களைக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்ததே, அப்போது தன் லயத்து நாய்களையெல்லாம் லோரியில் ஏற்றி வந்து தடுப்பூசி போட்டுக்கொண்டு போனவர். கழுத்தில் பட்டைகூட இல்லாத நாய்களுக்கும் சேர்த்துக் காசு கட்டினார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட்டால் அப்புறம் யோசிக்கவே ஒன்றும் இருக்காது, எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

"வேலியில மாட்டிக்கிச்சு தம்பி" என்றார்.

முள்கம்பி கிழித்தால் தோல் நீளவாக்கில், மேலோடு கிழியும். ஜிம்மியின் தோளில் இருந்தது அப்படியில்லை. வெளியே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வாய், உள்ளே தோலும் சதையும் பிரிந்து ஒரு பெரிய பை. உப்புநீர் விட்டுக் கழுவக் கழுவ மண்ணும் முடியும் ஒரு துண்டு இலையும் வந்தன. காட்டுப்பன்றியின் கீழ்த் தந்தம் மேல் தந்தத்தில் உரசி உரசித் தானாகவே கூராகிக்கொள்ளும். அது தலையைத் தாழ்த்தி மேல்நோக்கி வீசும்போது குத்தும் விழும், கிழிப்பும் விழும். முன்தோளில் கை வைத்தால் தோலுக்கடியில் காற்று நொறுநொறுவென்று நகர்ந்தது. நெஞ்சுக்கூடு ஓட்டையாகியிருக்குமோ என்று பயந்து படம் எடுத்தோம். இல்லை. ரத்த ஓட்டம் பார்க்க ஈறை அழுத்திவிட்டு விரலை எடுத்தேன், நிறம் திரும்பியது, கொஞ்சம் மெதுவாக. அவ்வளவுக்கும் நான் முடியை மழித்துக்கொண்டிருக்க, ஜிம்மி இரும்பு மேசையில் வாலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டரின் கையுறையை நக்கியது. இந்த வகை நாய்களிடம் என்னைச் சங்கடப்படுத்துவது இதுதான். வலித்தால் கத்தும் நாய்க்கு நாமும் பரிந்து ஏதாவது செய்வோம். இது கத்தவே இல்லை.

டாக்டர் உள்ளே ஒரு ரப்பர்க் குழாயை வைத்துத் தைத்தார், அழுக்கு நீர் வடிய. முடித்ததும் வெளியே போய், "அண்ணே, இது பன்னி குத்தினது. இனிமே இதைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. அடுத்த தடவை நெஞ்சுக்குள்ள இறங்கும்" என்றார். அவர் தலையாட்டினார். பச்சை இறைச்சி போடாதீங்க, பன்றியிடமிருந்து நாய்க்குத் தொற்றும் அவுஜெஸ்கி என்று ஒரு நோய் இருக்கிறது, அரிப்பெடுத்து ஓரிரு நாளில் செத்துப்போகும், மருந்து கிடையாது என்றும் சொன்னார். அதற்கும் தலையாட்டல்.

நான் சொன்ன வாக்கியம் இதற்குப் பிறகு, காசு கட்டும் இடத்தில்.

அதற்கு முன் ஒன்று. நான் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா காலத்திலும் பன்றிக்கு நாய் கூட்டிப்போவார்கள். அவை கம்போங் நாய்கள், அதாவது கிராமத்து நாட்டு நாய்கள். மோப்பம் பிடிக்கும், துரத்தும், சுற்றி நின்று குரைக்கும். பன்றி திரும்பிப் பாய்ந்தால் ஒதுங்கும், மறுபடி வந்து குரைக்கும். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு ஆட்கள் போய்ச் சேர்வார்கள். அடிபடாமல் இருந்ததில்லை, ஆனால் பெரும்பாலும் வீடு திரும்பின. அந்தக் கறியைத் தின்று வளர்ந்தவன்தான் நான். அதனால் வேட்டையே பாவம் என்று பேச என் நாக்குக்கு உரிமை இல்லை.

பிட்புல், புல் டெரியர் போன்ற 'புல்' வகை நாயின் வேலை வேறு. 'புல் மிக்ஸ்' என்று இங்கே பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், எதோடு எது கலந்தது என்று யாருக்கும் தெரியாது. பிட்புல்லை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை, புல் டெரியருக்குக் கட்டுப்பாடு. ஆனாலும் கைமாறிக் கைமாறி ஒரு குட்டி தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஜிம்மிக்கு அகன்ற நெஞ்சு, நெற்றியிலிருந்து மூக்குவரை பள்ளமே இல்லாமல் இறங்கும் முகம். அது குரைக்காது. மற்ற நாய்கள் பன்றியை நிறுத்தி வைத்ததும் இதை அவிழ்த்துவிடுவார்கள். நேராகப் போய்க் காதைப் பிடிக்கும். மனிதன் வந்து சேரும்வரை விடாது. ஆஸ்திரேலியாவிலும் பன்றி வேட்டைக்காரர்கள் இப்படித்தான் கண்டுபிடிக்கும் நாயையும் பிடிக்கும் நாயையும் பிரித்து வைத்திருப்பார்கள். இந்த வம்சத்தின் முன்னோர்களை இங்கிலாந்தில் கட்டிப்போட்ட காளையின் மூக்கைப் பிடிக்கத்தான் பழக்கினார்கள். 1835-இல் அங்கே அந்த விளையாட்டைத் தடை செய்தார்கள். 1860-களில் பர்மிங்காமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பவர் வெள்ளை நிறத்தில், பார்க்க லட்சணமாக ஒரு புல் டெரியரை உருவாக்கிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். நிறம் மாறியது, முகம் மாறியது. பிடித்தால் விடாத குணம் மட்டும் போகவில்லை. ஒதுங்கத் தெரிந்த நாயை வேட்டைக்கு அனுப்புவதும் ஒதுங்கத் தெரியாத நாயை அனுப்புவதும் ஒன்றல்ல. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் பேசினேன்.

தோட்டத்துக்காரர் நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, தையல் எப்ப காயும்? எப்பலேருந்து கூட்டிட்டுப் போகலாம்?" என்றார்.

டாக்டர் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் கேட்டது திமிராக இல்லை. மறுநடவு செய்த பக்கம் பன்றி வந்து இளம் செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்கிறது, வேலியைச் சரி பண்ணினாலும் வருகிறது, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 கடைசியில் தீபகற்ப மலேசியாவுக்குள் வந்த பிறகு கொஞ்ச நாள் பன்றியே கண்ணில் படவில்லை, இப்போது மறுபடி ஆரம்பித்துவிட்டது என்றெல்லாம் சொன்னார். கறி விற்கிற காசைப் பற்றிச் சொல்லவில்லை. அதுவும் உண்டு என்று எனக்குத் தெரியும்.

நான் சொன்னது: "போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, வெறும் உடம்போட விடாதீங்க."

அப்புறம் விளக்கினேன். கழுத்துக்கு அகலமான தடித்த பட்டை, நெஞ்சையும் விலாவையும் மூடுகிற மாதிரி ஒரு கவசச் சட்டை. வெளிநாட்டில் விற்கிறார்கள். இங்கேயே வேண்டுமென்றால் கார் சீட்டு தைக்கும் குஷன் கடையில் கனமான கித்தானை மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்துத் தருவார்கள். கடை எங்கே இருக்கிறது என்றும் சொன்னேன். அக்குளில் உரசக் கூடாது என்றேன். விடியற்காலையில் மட்டும் போங்கள், வெயில் ஏறினால் திரும்பிவிடுங்கள், நின்றால் உடனே சட்டையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுங்கள் என்றேன். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டை ஆற்றிக்கொள்ள வேண்டும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சரியாக வேலை செய்யாது. உடம்புச் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் பன்றி தேவையில்லை, சூடே கொன்றுவிடும். அவர் தலையாட்டவில்லை. பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து அதன் பின்னால் எழுதிக்கொண்டார். டாக்டர் சொன்னபோது எழுதாதவர்.

கதவருகில் நின்று டாக்டர் இதைக் கேட்டிருக்கிறார். தோட்டத்துக்காரர் போனதும், "நான் போகாதேன்னு சொல்றேன், நீங்க எப்படிப் போறதுன்னு சொல்லிக் குடுக்கறீங்க" என்றார்.

"அவர் எப்படியும் போவார் டாக்டர்."

"எப்படித் தெரியும்? நீங்க பேசறதுக்கு முன்னாடி அவர் கேள்விதானே கேட்டார்?"

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் கேட்டது உண்மையாகவே கேள்விதானா? "எப்பலேருந்து" என்றார், "போகலாமா" என்று கேட்கவில்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பல இரவு வாதாடியிருக்கிறேன், மனைவியிடம், பிறகு என்னிடமே. முடிவு செய்துவிட்டவனிடம் போகாதே என்று சொன்னால் அடுத்த தடவை கிளினிக்குக்கே வரமாட்டான், வீட்டில் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு இருப்பான். இது நான் கண்ட உண்மை. ஆனால் அன்றைக்கு அவர் கையில் நோட்டைப் பிடித்திருந்த விதத்தில் ஒரு தயக்கம் இருந்தது என்று சில சமயம் தோன்றுகிறது. சில சமயம், அது டாக்டர் சொல்லிச் சொல்லி எனக்கே தோன்ற ஆரம்பித்த ஒன்று என்றும் படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேநீர் வேளையில் பேசிப் பார்த்தோம். காட்டுப்பன்றியை வேட்டையாட 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு 20,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 100,000 வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. விலங்குகளைச் சண்டைக்கு விடுவதும் குற்றம். நாயைப் பன்றிமேல் ஏவுவது வேட்டையா, சண்டையா? டாக்டர் சண்டை என்றார். நான் வேட்டை என்றேன். ஜிம்மிக்கு எது என்று எங்கள் இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை. தேநீர் ஆறிப்போனது, பில் மட்டும் சூடாக வந்தது.

சட்டை வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஜிம்மி அதன் பிறகு காயத்தோடு வரவே இல்லை. தடுப்பூசிக்கு வந்தபோது அவர் அந்தச் சட்டையைக் கையோடு கொண்டுவந்து காட்டினார். பச்சைக் கித்தான், ஓரத்தில் கார் சீட்டுக்குப் போடும் கறுப்பு நாடா. நெஞ்சுப் பக்கம் மேல் மடிப்பு இரண்டு கிழிந்து உள்மடிப்பு தெரிந்தது. விரல் விட்டுப் பார்த்தேன், நான்காவது மடிப்புவரை போயிருந்தது. அந்தக் கிழிசல் நாயின் உடம்பில் எங்கே விழுந்திருக்கும் என்று ஜிம்மியின் மேல் வைத்துப் பார்த்தேன். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், விலா இடுக்கில். அங்கே தைக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன், கொஞ்சம் கர்வத்தோடுதான்.

டாக்டர் கிழிசலைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்காரரிடம், "முன்ன மாசத்துக்கு எத்தனை தடவை போவீங்க, இப்ப எத்தனை தடவை போறீங்க?" என்று கேட்டார்.

"இப்ப பயமில்ல டாக்டர், வாராவாரம் போறோம்."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவருடைய வாதம் இதுதான்: பின்வாங்கத் தெரியாத நாய்க்குக் கவசம் போட்டால் தைரியம் நாய்க்கு வராது, அதற்குத்தான் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறதே, தைரியம் வருவது கூட்டிப்போகிறவருக்கு. ஒரு குத்தைத் தடுத்து, குத்து வாங்கும் நாட்களைக் கூட்டிவிட்டேன் என்கிறார். சட்டை மூடாத இடங்கள் இருக்கின்றன: முகம், தொடை இடுக்கு, அடிவயிறு. அவுஜெஸ்கிக்குக் கித்தான் தடையில்லை. கணக்குப் போட்டால் டாக்டர் சொல்வதுதான் சரியாக வரும் என்று தோன்றுகிறது. ஆனால் மேசையில் இருப்பது கணக்கில்லை, ஒரு நாய். அது உயிரோடு வாலாட்டிக்கொண்டு நின்றது.

அன்றைக்கே தோட்டத்துக்காரர் கூடையில் ஒரு குட்டியும் கொண்டுவந்திருந்தார். ஜிம்மியின் மகள், தாய் கம்போங் நாய். முதல் ஊசி. குட்டியின் நெஞ்சை விரலால் சுற்றி அளந்து, "இதுக்கு எந்த வயசுல அளவு எடுக்கலாம் தம்பி?" என்று கேட்டார். தாயைப் போலக் குரைக்கிறதா, அப்பனைப் போல ஊமையா என்று கேட்டேன். குரைக்கும் என்றார். அப்படியென்றால் பிடிக்க விடாதீர்கள், கண்டுபிடிக்க மட்டும் பழக்குங்கள், சட்டையே வேண்டாம் என்றேன். இதுவும் வேட்டைக்கான யோசனைதான், டாக்டர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னேன், சரியென்று பட்டதால்.

போன வாரம் வேறு ஒருவர் தொலைபேசியில் அழைத்தார், கூலிம் பக்கத்திலிருந்து. நாய்க்குச் சட்டை தைக்கும் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். இன்னார் உங்களைக் கேட்கச் சொன்னார் என்று நம் தோட்டத்துக்காரரைச் சொன்னார். குரலில் அவசரம், பின்னால் நாய்களின் சத்தம். எத்தனை நாய் என்று கேட்டேன். அஞ்சாறு இருக்கு, எல்லாம் பிடிக்கிற நாய் என்றார்.

எனக்குத் தெரியாதுங்க, கிளினிக்கில் அப்படி எதுவும் செய்வதில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நான் மனம் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்வார். மனம் மாறவில்லை. நம் ஆள் நாளைக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டால் அதே வாக்கியத்தைத்தான் சொல்வேன். கூலிம்காரரின் நாய்களும் வெறும் உடம்போடுதான் போகும் என்று தெரிந்தும் ஏன் அவருக்குச் சொல்லவில்லை என்று கேட்டால், அவரை எனக்குத் தெரியாது என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை.