இடது கைதானே!

8 ஜூலை 2024

பக்கவாதம் வந்த என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: "நல்லவேளை அண்ணே, இடது கைதானே!" தையல்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை. வலது கை கத்திரி பிடிக்கும், வீலைச் சுற்றும். துணியை ஊசிக்குக் கீழே ஓட்டுவது, காலர் வளைவில் இழுத்தும் விட்டும் கொடுப்பதெல்லாம் இடது கைதான். மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவிலும், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு அங்கேயும், 32 வருடம் சோறு போட்ட கை. இப்போது யாரோ வைத்துவிட்டுப் போன பை மாதிரி மடியில் கிடக்கிறது.

15 ஜூலை

எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்காக. அழகர் ஆற்றில் இறங்கிய மூன்றாம் நாள். ராத்திரி நன்றாகப் படுத்தவன். விடிந்து எழுந்தால் இடது பக்கமே இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். தூக்கத்தில் வந்தது எத்தனை மணிக்கு என்று யார் சொல்ல? போடவில்லை. பிரஷர் மாத்திரையை 'நல்லாத்தானே இருக்கோம்' என்று நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

2 ஆகஸ்ட்

இன்று நானே சட்டை போட்டேன். நாற்பது நிமிடம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிப் பெண் சொல்லித்தந்த வழி: போடும்போது நோய்ப்பட்ட கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். எத்தனை ஆயிரம் சட்டை தைத்தவன், ஒன்றைப் போடுவதற்கு இந்த வயதில் பாடம்.

கை நுழைந்துவிட்டது. பொத்தான்தான் மாட்டவில்லை. காஜாவை ஒரு நூல் இறுக்கமாக எடுப்பது என் வழக்கம். எங்கள் கடைச் சட்டையில் பொத்தான் தானாகக் கழன்றதில்லை என்று பெருமை வேறு. மூன்றாவது பொத்தானில் அழுதேன். இப்போதெல்லாம் சோப்பு விளம்பரத்துக்குக்கூட அழுகை வருகிறது. மூளையில் அடிபட்டதால் அப்படி வரும், துக்கம் இருக்க வேண்டும் என்றில்லை என்றார் டாக்டர். மச்சானுக்கு அது புரியவில்லை. "ஆம்பளை அழலாமா?" என்கிறார்.

19 ஆகஸ்ட்

அந்தப் பெண் ஒரு தாளில் மதிப்பெண் போட்டாள். பார்த்தெல் அட்டவணையாம். சாப்பாடு, குளியல், கக்கூஸ், மாடிப்படி என்று பத்து விஷயம், மொத்தம் நூறு. எனக்கு 90. பள்ளிக்கூடத்தில்கூட வாங்காத மார்க்.

"தையல் இதுல எங்கம்மா வருது?"

"வராது ஐயா. நூறு வாங்கிட்டும் வேலைக்குப் போக முடியாதவங்க இருக்காங்க. வேற ஒண்ணு இருக்கு, 49 கேள்வி. வேலை, மனசு, குடும்பம் எல்லாம் கேட்கும்."

சரி, கேள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. குடும்பத்துக்குப் பாரமாக இருப்பதாகத் தோன்றுகிறதா என்று ஒரு கேள்வி வந்தது. காபியோடு நின்றிருந்த என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமலே, "பாரந்தான். எழுபத்தெட்டுக் கிலோ. குளிப்பாட்டுற எனக்குத்தான் தெரியும்" என்றாள். அந்தப் பெண் சிரித்ததில் பேனா கீழே விழுந்தது. என்ன எண் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

11 செப்டம்பர்

அசதி. பல் தேய்த்ததற்கே.

6 அக்டோபர்

ஆட்டோவில் கடைக்குப் போனேன். தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது. பையன் ஒருவனே தைக்கிறான். நான் வெட்டித் தருகிறேன் என்றேன். வெட்டும்போது துணி நகராமலிருக்க இஸ்திரிப் பெட்டியை ஏற்றி வைப்போம். இன்று என் இடது கையைத் தூக்கி வைத்தேன். அசையவே இல்லை. நல்ல கனம்.

13 அக்டோபர்

எனக்கு ஒரு சட்டை. உள்ளே வெல்க்ரோ ஒட்டுப்பட்டை, மேலே பேருக்குப் பொத்தான். போட இரண்டே நிமிடம். பிசியோதெரபிப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னொருவருக்கும் வேண்டும் என்றாள்.

20 அக்டோபர்

அவர் வந்தார். ரிட்டயர்டு வாத்தியார், அவருக்கும் இடது பக்கம். ஒற்றைக் கையால் அளவு எடுக்க முடியாது. டேப்பின் ஒரு முனையை அவருடைய வலது கையில் கொடுத்தேன், மறுமுனை என்னிடம். ஷோல்டர் பதினெட்டேகால். இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. என்னுடையதும் அப்படித்தான் இருக்கும், அளந்து பார்க்கவில்லை. பையன் நோட்டில் குறித்துக்கொண்டான். இரண்டு சட்டை, தீபாவளிக்கு முந்தின நாள் வேண்டுமாம்.