எந்த மாத்திரை எதைச் செய்கிறது

மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை போதாமல் இரண்டாவதும் சேரும்போது நோயைவிடப் பெரிய குழப்பமாக வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: இன்று காலையில் வந்திருக்கும் இந்தத் தலைச்சுற்றல் எந்த மாத்திரையால் வந்தது? பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஒரு சோதனையில் ஒரே நேரத்தில் இரண்டு அளவுகளை மாற்றினால் விடையை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பவன். அந்தப் பாடம் என் உடம்பிலேயே நடந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் மருந்துகளும் அளவுகளும் என் மருத்துவர் எனக்கு எழுதிக்கொடுத்தவை. வேறொருவருக்கு அவை பொருந்த வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

முதலில் பார்த்த பொதுமருத்துவர் எழுதியது மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராமும் பதற்றத்தைத் தணிக்கும் குளோனசெபாம் 0.5 மில்லிகிராமும் ஒரே வில்லையில் சேர்ந்த மாத்திரை. நம் ஊர் மெடிக்கல்களில் மிகச் சாதாரணமாகப் புழங்குவது அது. சாப்பிட்ட அன்றிரவே தூக்கம் வந்துவிட்டதால் மருந்து வேலை செய்கிறது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்தோம். பிறகு போய்ச் சேர்ந்த மனநல மருத்துவர் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே தூங்க வைத்தது குளோனசெபாம்தான் என்றும், எஸ்சிட்டலோப்ராம் தன் வேலையைக் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும் என்றும் விளக்கினார். குளோனசெபாம் பழக்கமாகிவிடக்கூடிய மருந்து. அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், மற்றதைக் கூட்ட வேண்டியிருக்கலாம். இரண்டும் ஒரே வில்லைக்குள் இருந்தால் ஒன்றைத் தொடாமல் மற்றதைத் தொட முடியாது. ஆகவே அவர் செய்த முதல் வேலை அவற்றைத் தனித்தனி மாத்திரைகளாகப் பிரித்து எழுதியதுதான். மருந்து தொடங்கும் நாட்களில் சிலருக்குப் படபடப்பும் அமைதியின்மையும் கூடும் என்று சொல்லி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்கவே கூடாது என்று எச்சரித்து, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணைச் சீட்டின் மூலையில் எழுதியும் தந்தார்.

தொடக்கத்தில் இருந்த குமட்டல், மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பின் போடத் தொடங்கியதும் தணிந்தது. ஈசிஜி எடுத்துப் பார்த்த பிறகு அளவு 20 மில்லிகிராமாக உயர்ந்தது. எஸ்சிட்டலோப்ராம் அளவு கூடும்போது இதயத் துடிப்பின் மின் இடைவெளியைச் சற்று நீட்டக்கூடும் என்பதற்காக எடுத்த ஈசிஜி அது. காரணமின்றிக் கண் கலங்குவது நின்றது, வகுப்புக்குப் போக முடிந்தது. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் கிடையாது; பசி கிடையாது; புதிதாக வந்த பாடநூலைப் பிரித்துப் பார்க்கும் ஆசைகூட இல்லை. அந்த மருந்துக்கு வழக்கமான உச்ச அளவு 20தான். இனி மருந்தையே மாற்ற வேண்டும், அல்லது இதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். பாதித் தூரம் கொண்டுவந்த மருந்தை நிறுத்தினால் அந்தப் பாதியும் போய்விடலாம் என்பதால் சேர்ப்பது என்று முடிவாயிற்று.

சேர்ந்தது மிர்ட்டாசபைன், இரவில் 7.5 மில்லிகிராம். மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை நரம்பு முனைகள் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதை எஸ்சிட்டலோப்ராம் தடுக்கிறது. மிர்ட்டாசபைன் வேறு வழியில் போய், செரட்டோனினும் அதைப் போன்ற இன்னொரு வேதிப்பொருளான நார்அட்ரினலினும் வெளிவருவதைக் கட்டுப்படுத்தும் பூட்டைத் திறந்துவிடுகிறது. ஒரே வழியில் வேலை செய்யும் இரண்டைச் சேர்ப்பதில் பயன் குறைவு, ஆபத்து அதிகம் என்பதால்தான் வழி வேறாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குமட்டலைத் தூண்டும் செரட்டோனின் வாயில் ஒன்றையும் மிர்ட்டாசபைன் அடைத்துவிடுவதால், மிச்சம் இருந்த குமட்டல் மாயமாக மறைந்தது. அதே மருந்து நம்மை விழித்திருக்க வைக்கும் ஹிஸ்டமினையும் தடுப்பதால் தூக்கம் அடித்துப் போட்டது. மறுநாள் முதல் பாடவேளையில் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைத் தொடங்கிவிட்டு, சமக்குறிக்கு அப்பால் என்ன எழுத வந்தேன் என்று தெரியாமல் சாக்பீஸோடு நின்றிருக்கிறேன்.

இதற்கு மருத்துவர் சொன்ன தீர்வு எனக்கு வியப்பாக இருந்தது. அளவைக் குறைக்காமல் 15 மில்லிகிராமாகக் கூட்டினார். குறைந்த அளவில் ஹிஸ்டமின் தடுப்பே ஓங்கி நிற்கும். அளவு கூடும்போது நார்அட்ரினலின் பக்கமும் விழித்துக்கொள்வதால் மந்தம் சிலருக்குக் குறையும் என்பது அவர்களுடைய அனுபவம். கூடவே, படுக்கப் போகும்போது போட்டுக்கொண்டிருந்ததை இரவு எட்டு மணிக்கு மாற்றச் சொன்னார். இரண்டில் எது உதவியது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினோம்! அதைச் சொன்னபோது அவரே சிரித்துவிட்டு, இனிமேல் ஒரு தடவைக்கு ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டார். அன்று முதல் ஒரு நாற்பது பக்க நோட்டில், மாத்திரை போட்ட நேரம், தூக்கம், உடம்பில் புதிதாகத் தோன்றியது, அன்று சாப்பிட்ட வேறு மருந்து என்று எழுதத் தொடங்கினேன்.

அந்த நோட்டு எடுத்த எடுப்பிலேயே ஒரு குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது. நெஞ்செரிச்சலுக்கு என்று வேறொரு மருத்துவர் தந்த கேஸ் மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கிய வாரத்திலிருந்து வியர்வையும் ஒருவித மயக்கமும் கூடியிருந்தன. நெல்லை வெயிலில் வியர்ப்பதை யாராவது நோய் என்று சொல்வார்களா? ஆனால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த மாத்திரை ஒமிப்ரசோல். எஸ்சிட்டலோப்ராமைக் கல்லீரலில் உடைக்கும் முக்கியமான நொதியை ஒமிப்ரசோல் தடுப்பதால், வாங்கும் அளவு 20 ஆகவே இருந்தாலும் இரத்தத்தில் மருந்து கூடிவிடும். நம்மவர்கள் எந்த மாத்திரையோடும் ஒரு கேஸ் மாத்திரையைச் சேர்த்துக்கொள்வதைப் பார்க்கும்போது, இது பலருக்கும் தெரிய வேண்டிய செய்தி என்று நினைக்கிறேன். அந்த நொதியை அவ்வளவாகச் சீண்டாத பான்டோப்ரசோலுக்கு மாற்றிய பிறகு வியர்வை முழுதாக நிற்காவிட்டாலும் பொறுக்கும்படி ஆயிற்று.

மிர்ட்டாசபைனின் பெரிய விலை பசியாக வந்தது. அது சாதாரணப் பசி இல்லை. மாவும் இனிப்புமாகத் தேடும், நடுஇரவில் எழுப்பி அடுக்களைக்கு இழுத்துப் போகும். முறுக்கு டப்பாவைத் திறந்து கொண்டிருந்த என்னைப் பார்த்து என் மனைவி, "டப்பா உருளுத சத்தம் கேட்டு எலின்னுல்லா நெனச்சேன்" என்றாள். 68 கிலோ இருந்தவன் 75 கிலோ ஆனேன். அப்பாவுக்கும் அவருடைய அண்ணன்தம்பிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ள குடும்பம் என்பதால் இந்த ஏழு கிலோ சிரித்துவிட்டுப் போகும் விஷயமாக இல்லை. சர்க்கரையும் கொழுப்பும் சோதித்ததில் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றன. இரவில் வீட்டில் நொறுக்குத் தீனி வைக்காமல் பார்த்தோம், மாலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடந்தேன். எடை ஏறுவது நின்றதே தவிர இறங்கவில்லை.

இன்னொரு பக்க விளைவை நான் நோட்டில் எழுதவே இல்லை. மருத்துவர் தாமாகத்தான் கேட்டார். என் மனைவியைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தாம்பத்தியத்தில் மாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று இரத்த அழுத்தத்தைக் கேட்பது போன்ற அதே குரலில் கேட்டார். ஆசை குறைவது, உச்சம் தள்ளிப்போவது அல்லது வராமலே இருப்பது ஆகியவை எஸ்சிட்டலோப்ராம் வகை மருந்துகளில் மிகப் பரவலானவை. ஆண் பெண் இருவருக்கும் வருபவை. கேட்காவிட்டால் பெரும்பாலோர் சொல்லாமலே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள் என்றார். மனச்சோர்வே ஆசையைக் கொல்லும் என்பதால் இதில் நோயையும் மருந்தையும் பிரித்தறிவது கடினம். எனக்கு மனம் தெளியத் தொடங்கிய பிறகும் அந்தக் குறை அப்படியே நின்றதை வைத்துத்தான் மருந்தின் மேல் சந்தேகம் வலுத்தது. நெடுநாள் மனைவி தன்மேல்தான் ஏதோ குறை என்று எண்ணிக்கொண்டிருந்தது அன்று மாலை பேசியபோதுதான் தெரிந்தது.

எடை, தாம்பத்தியம் இரண்டையும் முன்னிட்டு மிர்ட்டாசபைனைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய பிறகு, காலையில் பியூப்ரோபியான் 150 மில்லிகிராம் சேர்ந்தது. இது செரட்டோனினைத் தொடுவதில்லை. டோபமின், நார்அட்ரினலின் பக்கம் வேலை செய்வது. பசியைத் தூண்டாது, பாலுறவுக் குறையும் இதில் குறைவு. எழுதுவதற்கு முன் அவர் கேட்ட கேள்விகள் நீண்டன: எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா, தலையில் பலத்த அடி பட்டதுண்டா, குடிப்பீர்களா, குடித்துத் திடீரென்று நிறுத்தியதுண்டா, சாப்பாட்டை வலிந்து ஒதுக்கும் அல்லது வாந்தி எடுக்கும் பழக்கம் உண்டா. வலிப்பு வருவதற்கான வரம்பை இந்த மருந்து தாழ்த்திவிடும் என்பதே காரணம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை என்பதால் உடைக்கவோ நொறுக்கவோ கூடாது; உடைத்தால் நாள் முழுதும் இறங்க வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

பியூப்ரோபியான் தந்த தொல்லைகள் வேறு மாதிரியானவை. வாய் உலர்ந்து, பாடம் நடத்தும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் ஒரு பாட்டில் சீரகத் தண்ணீர் வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடித்தேன். எச்சில் குறைந்தால் பல் சொத்தை எளிதில் வரும் என்பதால் இனிப்பு மிட்டாயைச் சப்பும் யோசனையைக் கைவிட்டேன். மலச்சிக்கலுக்குக் கொய்யாப்பழமும் கீரையும் உதவின. கை நடுங்கியது, கரும்பலகையில் ஒளிக்கதிர்ப் படம் வரையும்போது அளவுகோல் வைத்து இழுத்த கோடே அலை அலையாக வந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன், "சார், நான் வரையட்டுமா?" என்று எழுந்து வந்தான். காலையில் இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பவன், அதை ஒன்றாக்கியதும் நடுக்கம் பாதிக்கு மேல் அடங்கியது. இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியதால் மாதந்தோறும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் காலையில் மறந்ததை மாலையில் போட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, போட்டால் இரவு முழுக்க விழித்திருப்பீர்கள், மறந்தால் மறுநாள் காலைதான் என்று சொல்லிவிட்டார்.

இந்த நாட்களில்தான் முழங்காலில் வலி வந்து எலும்பு மருத்துவரிடம் போனேன். எனது மருந்துகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கும் பழக்கம் அங்கே கைகொடுத்தது. டிரமடால் எழுதிக்கொண்டிருந்தவர் தாளைப் பார்த்ததும் அடித்துவிட்டார். டிரமடால் தானும் செரட்டோனினைக் கூட்டுவதால் எஸ்சிட்டலோப்ராமோடு மோதும். வலிப்பு வரம்பைத் தாழ்த்துவதால் பியூப்ரோபியானோடும் மோதும். போதாக்குறைக்கு, டிரமடாலை வலிநீக்கியாக மாற்றும் நொதியைப் பியூப்ரோபியான் தடுப்பதால் வலியும் சரியாகக் குறையாது. ஐபுப்ரோஃபென் வகையைத் தொடர்ந்து எடுத்தாலும் எஸ்சிட்டலோப்ராமோடு சேர்ந்து வயிற்றில் இரத்தக் கசிவுக்கு வாய்ப்புக் கூடும். கடைசியில் பாராசிட்டமாலும் உடற்பயிற்சியும் என்று முடிந்தது. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் சிரப்பும் இந்த வகையில் சேரும். மெடிக்கலில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். புதிய மருந்து சேர்ந்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கை கால் வெட்டி இழுப்பது, கடும் நடுக்கம், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், நிலைகொள்ளாத பதற்றம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது செரட்டோனின் மிகையாக இருக்கலாம். நோட்டில் எழுதிக்கொண்டிருக்காமல் அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டியது அது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்ப்பதால் பயன் உண்டா என்று எனக்கே கேள்வி எழுந்து, கிடைத்ததைப் படித்தேன். 2006ஆம் ஆண்டு வெளியான ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், எஸ்சிட்டலோப்ராமுக்கு நெருங்கிய உறவான சிட்டலோப்ராமில் தேறாதவர்களுக்குப் பியூப்ரோபியானையோ பதற்றத்துக்கான பஸ்பிரோனையோ சேர்த்தபோது இரு பிரிவிலும் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் குணமடைந்தார்கள். அந்தக் கட்டத்தில் வெற்று மாத்திரையோடு ஒப்பிடவில்லை என்பதால் அவர்களில் எத்தனை பேர் நாளடைவில் தாமாகவே தேறியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் 480 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது; ஏற்கெனவே எடுக்கும் மருந்தோடு மிர்ட்டாசபைனைச் சேர்த்ததில் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை, பக்க விளைவுகள் கூடின. என் அனுபவமும் இதற்கு மாறாக இல்லை. மிர்ட்டாசபைன் எனக்குத் தூக்கத்தைத் திருப்பித் தந்தது உறுதி. மனத்தைத் தூக்கியது அதுவா, நன்றாகத் தூங்கியதா, கடந்துபோன மாதங்களா என்று என் நோட்டு சொல்லவில்லை. பியூப்ரோபியான் வந்த பிறகு எடை 71க்கு இறங்கியதும், தாம்பத்தியம் சீரானதும், பாடநூலைத் திறக்கும் ஆவல் வந்ததும் நோட்டில் தேதியோடு இருக்கின்றன.

இப்போது இரண்டு மருந்துகளும் தொடர்கின்றன. மருந்து தீர்ந்து ஓரிரு நாள் தவறினால் தலைக்குள் மின்சாரம் சுண்டியது போன்ற அதிர்வு வரும் என்பதால் ஓர் அட்டை கையிருப்பில் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுகிறேன். மக்கள் மருந்தகத்தில் இருப்பு இருக்கும் மாதத்தில் செலவு வெகுவாகக் குறைகிறது. நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பது மருத்துவரின் கணக்கு. அதன்பின் முதலில் பியூப்ரோபியானை நிறுத்துவது, எல்லாம் சரியாக இருந்தால் எஸ்சிட்டலோப்ராமை 20இலிருந்து 15, 10, 5 என்று வாரக்கணக்கில் இடைவெளி விட்டுக் குறைப்பது, கீழே போகப் போகப் படியை இன்னும் சிறிதாக்குவது என்று பேசி வைத்திருக்கிறோம். பொதுத்தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும் வேலையும் ஓய்ந்த பிறகு, கோடை விடுமுறையில் முதல் குறைப்பைத் தொடங்குவதாகத் திட்டம்.