கரோல் ஷாவின் ஆறு: இரண்டு பைட்டில் ஒரு நதியை ஓடவிட்டுப் பார்த்த அனுபவம்

வீடியோ கேம் துறையில் பெண்களின் பங்கு பற்றிப் பேசச் சொன்னால் பத்து முகங்கள், பத்துப் பெயர்கள் என்று ஒரு ஸ்லைடு தயாராகிவிடும். பார்த்தவர்களுக்கு முகம் நினைவிருக்கும். அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பதில் வராது. எனவே ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் தீர்த்த சிக்கல் ஒன்றை நாங்களே உட்கார்ந்து தீர்த்துப் பார்த்தோம். அவர் கரோல் ஷா. சிக்கல் இதுதான்: 4,096 பைட் கொள்ளும் கார்ட்ரிட்ஜுக்குள் (கன்சோலில் செருகும் கேம் பெட்டி) முடியாமல் ஓடும் ஓர் ஆறு.

ஷா கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணினி அறிவியலும் படித்தவர். 1978இல் வீடியோ கேம் நிறுவனமான அட்டாரியில் சேர்ந்தார். முப்பரிமாண டிக்-டாக்-டோ, வீடியோ செக்கர்ஸ் ஆகியவை அங்கே அவர் எழுதியவை. நிறுவனத் தலைவர் ரே கஸார் ஒருநாள் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, ஒருவழியாகப் பெண் வடிவமைப்பாளர் ஒருவர் வந்துவிட்டார், இனி நிறப்பொருத்தம், உள்ளலங்காரம் பற்றிய கேம்களைச் செய்யலாம் என்ற பொருளில் பேசியதைப் பின்னாளில் ஷாவே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1982இல் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்துக்குப் போனார். அந்த ஆண்டே அட்டாரி 2600 என்ற வீட்டு கேம் கன்சோலுக்கு அவர் எழுதிய ‘ரிவர் ரெய்ட்’ வெளிவந்தது. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஒரு ஜெட் விமானம் ஆற்றின் மேல் பறக்கும். கரையில் மோதினால் விமானம் போயிற்று, எரிபொருள் தீர்ந்தாலும் போயிற்று. கப்பலுக்கு 30 புள்ளி, ஹெலிகாப்டருக்கு 60, பாலத்தைத் தகர்த்தால் 500.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குத் தேவையான சாமான் அதிகமில்லை. அந்தக் கன்சோலைக் கணினியில் நடித்துக் காட்டும் ஸ்டெல்லா எமுலேட்டர், அசெம்பிளி மொழி நிரலைக் கன்சோல் ஓட்டும் பைட்களாக மாற்றும் டாஸ்ம் அசெம்பிளர், ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், கட்டம் போட்ட நோட்டு. ஷா எழுதிய நிரலை நாங்கள் நகலெடுக்கவில்லை. அதே கட்டுப்பாடுகளுக்குள் எங்கள் வழியில் எழுதினோம். ஆகவே கீழே வரும் எண்கள் எங்கள் ஆற்றின் எண்கள், அவருடையவை அல்ல. டாஸ்மை ஓட்டும்போது எஃப்3 ஃப்ளாகை (-f3 என்ற கட்டளைக் குறி) மறக்கக் கூடாது. மறந்தால் கோப்பின் தலையில் இரண்டு பைட் முகவரி ஒட்டிக்கொண்டு 4,098 பைட்டாக வரும். திரையில் குப்பைதான் தெரியும். முதல்முறை செய்கிறவர்கள் நிரலில் பிழை தேடி ஒரு மணி நேரத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். கோப்பின் அளவை முதலில் பாருங்கள்.

அட்டாரி 2600இன் இருப்பைக் கணக்குப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ராம் 128 பைட், ஸ்டாக்கும் (நிரல் தற்காலிகமாக எண்களை அடுக்கி வைக்கும் இடம்) அதற்குள்ளேதான். திரையை வைத்துக்கொள்ள நினைவகமே கிடையாது. ஒவ்வொரு ஸ்கேன்லைனையும் (திரையின் ஒரு கிடைவரி) டிவியின் கதிர் வரைந்துகொண்டிருக்கும்போதே ரெஜிஸ்டர்களை (சில்லுக்குள் இருக்கும் சிறு எண் பெட்டிகள்) நாம் மாற்றிக்கொடுக்க வேண்டும். ஒரு வரிக்கு ப்ராசஸருக்குக் கிடைப்பது 76 சைக்கிள், அதாவது 76 கடிகாரத் துடிப்பு. அமெரிக்க டிவிக்கு ஒரு ஃப்ரேமில் 262 வரிகள்: ஒத்திசைவுக்கு 3, மேலே வெற்றாக 37, படம் 192, கீழே 30. இதில் ஒரு வரி கூடினாலும் குறைந்தாலும் அசல் டிவியில் படம் உருளலாம்.

இனி ஆறு. கரைகளை வரைய ‘ப்ளேஃபீல்ட்’ இருக்கிறது. திரையின் இடப் பாதிக்கு 20 பிட், மூன்று ரெஜிஸ்டர்களில்; ஒரு பிட் திரையில் ஒரு கட்டம். வலப் பாதிக்கு வன்பொருளே அதைத் திரும்ப வரையும், அல்லது கண்ணாடி போலத் திருப்பிப் போடும். ரிவர் ரெய்டின் ஆறு இருபுறமும் ஒன்றுபோல இருப்பது இதனால்தான். அழகுக்காக என்று நினைப்பவர்கள் சைக்கிளை எண்ணிப் பார்க்க வேண்டும். அட்டவணையிலிருந்து ஒரு பைட்டை எடுக்க 4 சைக்கிள், ரெஜிஸ்டரில் போட 3. மூன்று ரெஜிஸ்டருக்கு 21. கதிர் இடப்பக்கம் திரும்பி வரும் இருட்டு நேரம் 22 சைக்கிளுக்குச் சற்று மேல். எழுதும் வேலை அதற்குள் முடிந்துவிடுகிறது. சமச்சீர் இல்லாத ஆறு என்றால் 6 முறை எழுத வேண்டும், 42 சைக்கிள் போய்விடும். பின் மூன்றையும் கதிர் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதியாக வேண்டும். விமானம், ஹெலிகாப்டர், குண்டு எல்லாம் மிச்சமுள்ள 34 சைக்கிளுக்குள் அடங்குமா?

ஓர் எச்சரிக்கை: அட்டவணை 256 பைட் பக்க எல்லையைத் தாண்டினால் எடுக்கும் செலவு 4லிருந்து 5 ஆகிவிடும், கரையில் சில இடங்களில் மட்டும் பிசிறு தட்டும். எல்லா இடத்திலும் தட்டினால் உடனே கண்டுபிடித்துவிடலாம். சில இடத்தில் மட்டும் என்பதால்தான் குழப்பம். அட்டவணைக்கு முன்னால், அதைப் பக்கத்தின் தொடக்கத்தில் வைக்கும் ஒரு அலைன் கட்டளை போட்டால் சரியாகிவிடும்.

பிட் வரிசை இன்னொரு பள்ளம். முதல் ரெஜிஸ்டரில் மேல் நான்கு பிட் மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் தலைகீழ் வரிசையில். இரண்டாவது நேராக வரும். மூன்றாவது மறுபடி தலைகீழ். கரையின் அகலம் 6 கட்டம் என்றால் முதலாவதில் 240, இரண்டாவதில் 192, மூன்றாவதில் 0. அகலம் 14 என்றால் 240, 255, 3. அந்த 3ஐ இரண்டாவதைப் போலவே நினைத்துக்கொண்டு 192 என்று போட்டோம். கரை இரண்டு கட்டம் குறைந்து நின்றது; ஆற்றின் நட்டநடுவில் நான்கு கட்ட அகலத்தில் ஒரு நிலத்துண்டு முளைத்தது. இடப் பாதியின் கடைசி இரண்டு பிட்டும் அவற்றின் கண்ணாடி பிம்பமும் ஒட்டிக்கொண்ட துண்டு அது. ரிவர் ரெய்டில் ஆறு பிரிந்து ஓடும் இடங்களில் தீவு எப்போதும் நடுவில் இருப்பது ஏன் என்று விளக்க வேறு படம் தேவைப்படவில்லை. பிழையைத் திருத்திவிட்டு, தீவு வேண்டிய இடத்தில் மட்டும் மூன்றாவது ரெஜிஸ்டரில் அதே 192ஐ வேண்டுமென்றே சேர்த்துக்கொண்டோம்.

கரைக்கு 0 முதல் 15 வரை 16 அகலங்கள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 48 பைட்டில் அட்டவணை முடிந்தது. விமானத்தின் அகலம் 2 கட்டம். கரை 15 ஆனாலும் நடுவே 10 கட்டம் திறந்திருக்கும். ஆனால் அதே இடத்தில் தீவும் வந்தால் ஒருபக்க வழி 3 கட்டமாகச் சுருங்கிவிடும். போக முடியும், ஆனால் விளையாட முடியாது. கரை 10க்குள் இருந்தால் மட்டுமே தீவு என்று ஒரு நிபந்தனை வைத்தோம்.

ஆற்றை 32 வரிக்கு ஒரு தொகுதியாகப் பிரித்தோம், 16 தொகுதிக்கு ஒரு பாலம். ஒரு தொகுதிக்குக் கரை அகலம் ஒரு பைட், அங்கே நிற்கும் பொருள் ஒரு பைட் என்று சேமித்தால் பாலத்துக்குப் பாலம் 32 பைட் ஆகும். ஒரு வரி நிரல்கூட எழுதாமலேயே 128 பாலத்தில் கார்ட்ரிட்ஜ் நிரம்பிவிடும். ஷா ஆற்றைச் சேமிக்கவே இல்லை. இரண்டு பைட்டில் அடங்கும் 16 பிட் எண் ஒன்றின் பிட்களை நகர்த்தி நகர்த்தி, வருகிற பிட்களிலிருந்தே ஆற்றை உண்டாக்கினார். தொடக்க எண் மாறாததால், பார்க்கத் தற்செயல்போல இருந்தாலும் எல்லோருக்கும் எப்போதும் அதே ஆறு.

நாங்கள் எழுதிய விதி இது: எண்ணை வலப்பக்கம் ஒரு பிட் நகர்த்து; வெளியே விழுந்த பிட் 1 என்றால் மேல் பைட்டை 180உடன் எக்ஸ்ஆர் செய் (180இல் 1 இருக்கும் இடங்களில் பிட்டைத் தலைகீழாக்கு). அசெம்பிளியில் ஆறே கட்டளை, 12 பைட், அதிகபட்சம் 20 சைக்கிள். 65,535 எண்களைச் சுற்றி வந்த பிறகுதான் தொடக்க எண் மறுபடி வரும். 180இல் இருக்கும் நான்கு 1களுக்குப் பதிலாக இரண்டு பிட்டை மட்டும் எக்ஸ்ஆர் செய்து இன்னும் சுருக்கலாமே என்று தோன்றும். 16 பிட் நீளத்துக்கு இரண்டு பிட்டால் அந்த முழுச் சுற்று ஒருபோதும் கிடைக்காது, ஆனால் ஒரு கேமுக்கு அதைவிடச் சிறிய சுற்றும் தாராளம். 0இல் மட்டும் தொடங்கக் கூடாது. 0 நகர்ந்தாலும் 0தான், ஆறு நேர்க்கோடாகிவிடும்.

இதைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது அவசியம். 1இல் தொடங்கினால் அடுத்தது 46,080. பிறகு 23,040, 11,520, 5,760 என்று பாதி பாதியாக இறங்கி 45க்கு வரும். 45 ஒற்றைப்படை என்பதால் அடுத்தது 46,102. அடுத்தடுத்த எண்கள் ஒன்றின் பாதி இன்னொன்று என்பது கண்ணுக்கே தெரிகிறது. தொகுதிக்கு ஒருமுறை மட்டும் நகர்த்திக் கடைசி நான்கு பிட்டைக் கரை அகலமாக எடுத்தால், ஆறும் அப்படியே பாதி பாதியாகச் சுருங்கும், சட்டென விரியும், மறுபடி சுருங்கும். பார்த்தவுடன் செயற்கை என்று தெரிந்துவிடும். தீர்வு, ஒரு தொகுதிக்குப் பல முறை நகர்த்துவது. 5 முறை வைத்துப் பார்த்தோம். ஆறு நன்றாக இருந்தது, ஆனால் 65,535 என்பது 5ஆல் வகுபடும் எண் என்பதால் சுற்று 13,107ஆகக் குறைந்துவிட்டது. 8 முறை என்று மாற்றியதும் சுற்று முழுதாகத் திரும்பியது. செலவு 200 சைக்கிள் அளவில். மேலே உள்ள 37 வெற்று வரிகளில் 2,812 சைக்கிள் சும்மா கிடப்பதால் அங்கேயே செய்துவிடலாம்.

அகலம் 2லிருந்து 15க்கு ஒரே வரியில் தாவினால் கரை சுவர்போல நிற்கும். இரண்டு வரிக்கு ஒரு கட்டம் என்று நகர்த்தினால் மிகப் பெரிய வித்தியாசமான 15கூட 30 வரியில் முடிந்துவிடும். தொகுதி 32 வரி என்று வைத்தது இதற்காகத்தான். திரையின் உச்சியில் பாதி நுழைந்த தொகுதியை மட்டும் கவனியுங்கள். அதன் எத்தனையாவது வரியிலிருந்து திரை தொடங்குகிறதோ அங்கிருந்துதான் அகலத்தைக் கணக்கிட வேண்டும். எப்போதும் தொகுதியின் முதல் வரியிலிருந்தே கணக்கிட்டால், ஆறு நகர்வதற்குப் பதிலாக நின்ற இடத்திலேயே நெளியும்.

பாலத்தில் மாட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. உயிர் போனால் கடைசியாகத் தகர்த்த பாலத்திலிருந்து ஆட்டம் தொடர வேண்டும். ஆற்றின் மொத்த நிலையும் இரண்டு பைட் என்பதால், அந்த இரண்டை எடுத்து வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் பாலம் திரையின் மேல் விளிம்பில் பிறக்கிறது, விமானம் கீழே இருக்கிறது. பாலத்தைத் தகர்க்கும் நேரத்தில் ஆற்று எண் பல தொகுதிகள் முன்னே ஓடியிருக்கும். அப்போது சேமித்தால், மறுமுறை பாலத்துக்கு அப்பால் வேறொரு ஆறு தெரியும். பாலம் பிறக்கும்போதே சேமித்தால், தகர்க்காமல் செத்தவர்களும் முன்னேறிவிடுவார்கள். ஆகவே நான்கு பைட் ஒதுக்கினோம்: பாலம் பிறக்கும்போது இரண்டு பைட்டில் குறித்துக்கொள்வது, தகர்த்ததும் அதை அடுத்த இரண்டுக்கு மாற்றுவது. ஸ்டெல்லாவின் டீபக்கரில் (பிழை தேடும் கருவி) 128 பைட் ராமும் கட்டம் கட்டமாக ஒரே திரையில் தெரிவதால், இந்த நான்கும் மாறுவதை உடனுக்குடன் பார்க்கலாம்.

ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு அதே ஆற்று எண்ணைப் பயன்படுத்தும் ஆசையும் வரும். கூடாது. ஆட்டக்காரர் மெதுவாகப் பறந்தால் ஒரு ஆறு, வேகமாகப் பறந்தால் வேறு ஆறு என்றாகிவிடும். ஃப்ரேம் எண்ணியின் கடைசிப் பிட்கள் அதற்குப் போதும். அதேபோல, கரையில் மோதியதைக் கன்சோலின் மோதல் ரெஜிஸ்டர் நினைவில் வைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் அழிக்காவிட்டால் மறுபிறவி எடுத்த விமானம் பிறந்த கணமே வெடிக்கும்.

இவ்வளவும் சேர்ந்து ஆறு மட்டும்தான். ஒலி, எரிபொருள் மானி, புள்ளி, எதிரிகள் எல்லாவற்றையும் சேர்த்து அதே 4,096 பைட்டுக்குள் ஷா அடக்கினார். அவருடைய மூல நிரல்களும் வடிவமைப்புகளும் 2017இல் நியூயார்க் மாநிலம் ராசெஸ்டரிலுள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கின்றன. கேம் அவார்ட்ஸ் விழாவில் ‘இண்டஸ்ட்ரி ஐகான்’ விருதும் அதே ஆண்டில்தான் வந்தது, கேம் வெளிவந்து 35 ஆண்டுகள் கழித்து.

இதையே இன்னொருவருக்குச் செய்ய நினைத்தால், நிரலுக்கு முன்னால் பெயரைச் சரிபார்க்க நேரம் ஒதுக்குங்கள். அட்டாரி அப்போது நிரலாளர் பெயரைப் போடாது. பெயர் போட வேண்டும் என்று வெளியேறியவர்கள் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன், அதனால் ஷாவுக்குச் சிக்கல் குறைவு. ‘ஃபேன்டசி ஸ்டார்’ செய்த ரியேகோ கொடாமாவை, பங்களித்தவர்கள் பெயர் வரும் இறுதித் திரையில் தேடினால் கிடைக்க மாட்டார். ‘ஃபீனிக்ஸ் ரீ’ என்று தேட வேண்டும். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’க்கு இசையமைத்த யோகோ ஷிமோமுரா அதில் ‘ஷிமோ-பி’. அடுத்து நாங்கள் எடுத்திருப்பது 1981இன் ‘சென்டிபீட்’. டோனா பெய்லியும் எட் லாக்கும் சேர்ந்து செய்தது. பெய்லி 6502 என்ற ப்ராசஸருக்கான அசெம்பிளியை ஜெனரல் மோட்டார்ஸில் கார்களுக்கு எழுதிப் பழகியவர். அட்டாரி 2600க்குள் இருப்பதும் அதே குடும்பத்துச் சில்லு என்பதால், மேலே சொன்ன 12 பைட்டை அங்கேயும் அப்படியே எடுத்துப் போக முடிகிறது.