கறுப்பியின் இடது பின்னங்கால்

பக்கத்து வீட்டுத் தகரக் கூரையிலிருந்து குதித்ததில் எங்கள் பூனை கறுப்பியின் இடது தொடை உள்பக்கம் கிழிந்துவிட்டது. ரத்தம் வழியவில்லை, விட்டு விட்டுப் பீய்ச்சியது. பதற்றத்தில் காயத்துக்கு மேலே துப்பட்டாவைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, ஆட்டோ பிடித்து ஓடினேன்.

முடிச்சைப் பார்த்ததும் டாக்டர் முகம் சுளித்தார். "கட்டி எவ்வளவு நேரமாச்சு?" முக்கால் மணி. உதவியாளர் தொடை இடுக்கில் விரலை அழுத்திக்கொள்ள, துணியை வெட்டி எடுத்தார். "காயத்து மேல துணிய வெச்சு அமுக்கிப் பிடிச்சிருந்தாலே போதும்மா." நாலு கிலோ பூனைக்கு மொத்த ரத்தமே கால் லிட்டர்தானாம்.

பாதம் சில்லென்றிருந்தது. உள்ளங்கால் மெத்தை ரோஸாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்களாம். கறுப்பிக்கு அதுவும் கரி! அதனால் ஒரு நகத்தை ஒட்ட வெட்டினார். ரத்தமே எட்டிப் பார்க்கவில்லை. பிறகு, என் மாமனார் வைத்திருப்பது போன்ற அதே சுகர் மெஷின். முன்னங்காலில் எடுத்த சொட்டில் 162, அடிபட்ட காலில் 58. ரத்தம் போகாத காலில் இருக்கிற சர்க்கரையைத் தசை தின்று தீர்த்துவிடும், புதிதாக வராது. ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்தார். வலது காலில் 'உஷ்... உஷ்...'. இடதில் வெறும் இரைச்சல்.

"காலுக்கு ரத்தம் கொண்டுபோற ஆர்ட்டரி முக்கால்வாசி அறுந்திருக்கு. தீக்குச்சி தடிமன்கூட இல்லாத குழாய், தைக்கணும்னா மைக்ரோஸ்கோப் வேணும். ரெண்டு முனையையும் கட்டிடறேன்."

"கட்டினதுக்குத்தானே சார் இப்ப திட்டினீங்க?"

சிரித்துவிட்டார். "உங்க துப்பட்டா எல்லா வழியையும் அடைச்சுது. என் நூல் ஒரு வழியத்தான் அடைக்கும். பூனைக்குப் பக்கத்துக் கிளைக் குழாய்ங்க நல்லாவே உண்டு, ரத்தம் சுத்திப் போயிடும்."

நம்பிக்கையே வரவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன். ஒன்றரை மணி நேரம். பக்கத்துச் சிரையிலும் சின்னக் கிழிசல், அதைத் தைத்துவிட்டாராம். பில்லைப் பற்றிக் கேட்காதீர்கள்.

வலிக்கு ஏதாவது வீட்டிலிருந்து கொடுக்கலாமா என்று கேட்டதற்கு மட்டும் குரல் உயர்ந்தது: "பாராசிட்டமால் பக்கமே போகாதீங்க. பூனைக்கு அது விஷம்."

அன்றிரவும் பாதம் சில்லென்றுதான் இருந்தது. மறுநாள் காலை போனபோது கூண்டுக்குள் கைவிட்டுத் தொட்டேன், வெதுவெதுப்பு. வெட்டின அந்த நக நுனியில் கருஞ்சிவப்பாக ஒரு சொட்டு கசிந்து காய்ந்திருந்தது.