பத்து மணிக்கு மேல் பிள்ளைகள்

நேற்றிரவு பத்து மணிக்கு, டியூஷன் முடிந்து வண்ணார்பேட்டைக் கடையொன்றில் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னாவுக்குக் காத்திருந்த என் அக்கா மகனை, "பதினெட்டு ஆகாத பயலுக்கு இந்நேரம் தெருவுல என்னலே சோலி?" என்று பெரியவர் ஒருவர் அதட்டினார். சிறார் இரவில் பொது இடத்தில் நிற்பதையே குற்றமாக்கும் ஊரடங்கு விதி அமெரிக்க நகரங்கள் பலவற்றில் உண்டு. டெக்சாஸ் மாநிலமோ அத்தகைய உள்ளூர் விதிகளுக்கு 2023இல் தடை விதித்துவிட்டது. நம் ஊரில் அப்படியொரு பொதுவான சட்டமே இல்லை. குற்றம் சாட்டப்பட்ட சிறுவனைக்கூட லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். பைக் ஓட்டிச் சட்டத்தை மீறினால்தான் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் காத்திருக்கின்றன. அவன் வந்ததோ சைக்கிளில். அதட்டல் ஓய்வதற்குள் பரோட்டா ஆறிவிட்டது.