கொடை மேடையில் லேன் ஒயர் வழியே மிடி

ஆக்டாபேட் (குச்சியால் தட்டி வாசிக்கும் எலக்ட்ரானிக் டிரம்) மேடையின் ஒரு மூலையில், சாம்பிள் (பதிவு செய்து வைத்த ஒலித் துண்டுகள்) ஓட்டும் லேப்டாப் கீபோர்டு பக்கம், மிக்சர் எதிரே எண்பது தொண்ணூறு அடி தள்ளிப் பந்தலுக்குள். நம்ம பக்கத்துக் கோயில் கொடை மேடைகள் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். இவற்றை மிடியால், அதாவது எந்த நோட்டை எப்போது வாசிக்க வேண்டும் என்ற தகவலைக் கருவிகளுக்கிடையே அனுப்பும் முறையால், கோக்க யூஎஸ்பி ஒயர் எட்டாது, ஐந்து மீட்டர்தான் அதன் எல்லை. ஐந்து முனை மிடி ஒயருக்குப் 15 மீட்டர். மேடை ஓரத்தைச் சுற்றிக் கொண்டுபோனால் அதுவும் அங்கேயே தீர்ந்துவிடும். சாதாரண லேன் ஒயர் 100 மீட்டர் வரை போகும்.

15 மீட்டருக்குள் ஒரே ஒரு கருவிதான் என்றால் நல்ல மிடி ஒயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதுவே போதும். நெட்வொர்க் தேவைப்படுவது தூரம் கூடும்போதும், ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் வரும்போதும்தான்.

லேன் ஒயரை நான் விரும்புவதற்கு ஹம் ஒரு முக்கியக் காரணம். மேடைக்கு ஜெனரேட்டர் கரண்ட், மிக்சருக்கு வேறு லைன் என்று இருந்தால், யூஎஸ்பி ஒயர் இரண்டு பக்கத்து எர்த்தையும் ஒன்றாக இணைத்துவிடும். லேப்டாப்பில் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் கொர்ரென்று கேட்கும் சத்தம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. லேன் போர்ட்டின் உள்ளே சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. சிக்னல் அவற்றைத் தாண்டிப் போகும், எர்த் போகாது. ஆனால் ஒயர் ஷீல்டு இல்லாத யூடிபி (UTP) வகையாக இருக்க வேண்டும். உலோக உறை போட்ட ஷீல்டு ஒயர் வாங்கினால், அந்த உறையே எர்த்தை மறுபடி இணைத்துவிடும்.

இனி மென்பொருள். மிடியை நெட்வொர்க்கில் அனுப்பும் ஆர்டிபி-மிடி முறை 2006-இல் பொது வரையறை ஆனது, 2011-இல் திருத்தப்பட்டது. மேக்கில் இது கூடவே வருகிறது. ஆடியோ மிடி செட்டப் திறந்து, மிடி ஸ்டுடியோவில் நெட்வொர்க் படத்தை இரட்டைச் சொடுக்கினால் போதும். விண்டோஸுக்கு டோபியாஸ் எரிக்சன் எழுதிய ஆர்டிபிமிடி காசில்லாமல் கிடைக்கிறது. லினக்ஸில், ராஸ்பெர்ரி பை உட்பட, ஆர்டிபிமிடிடி என்ற திறமூல நிரல் இருக்கிறது. அதோடு விண்டோஸில் மிடி-ஆக்ஸ் வேண்டும். ஒரு போர்ட்டில் வருவதை இன்னொன்றுக்குத் திருப்பிவிடவும், என்ன தகவல் வருகிறது என்று கண்ணால் பார்க்கவும் அது உதவும். மிடி-ஆக்ஸ் இலவசம் என்பது சொந்த உபயோகத்துக்கு மட்டும். காசு வாங்கிக் கச்சேரி செய்யும் குழுக்கள் அதன் விதிமுறையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

ஆக்டாபேட் பக்கம் ஒன்று, சாம்பிள் ஓட்டும் மெயின் பக்கம் ஒன்று என்று இரண்டு லேப்டாப். இரண்டையும் ஐந்து போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றில் இணையுங்கள். ரூட்டர் வேண்டாம். ஐபி முகவரியைக் கையால் கொடுங்கள்: பேட் பக்கத்துக்கு 192.168.10.11, மெயின் பக்கத்துக்கு 192.168.10.12, மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. இரண்டிலும் ஆர்டிபிமிடியைத் திறந்து, 'மை செஷன்ஸ்' பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி ஒரு செஷன் உருவாக்கி, 'எனேபிள்டு' கட்டத்தை டிக் செய்யுங்கள். செஷனுக்கு 'பேட்', 'மெயின்' என்று தெளிவாகப் பெயர் வையுங்கள், அந்தப் பெயரில்தான் மற்ற மென்பொருட்களில் மிடி போர்ட் தெரியும். எதிர்க் கணினி 'டைரக்டரி'யில் தானாக வரவில்லையென்றால் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் போன்ஜூர் சேவை நிறுவப்படாமலோ ஓடாமலோ இருக்கலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பேட் பக்கத்து லேப்டாப்பில் கூட்டல் குறியை அழுத்தி 192.168.10.12 என்றும், போர்ட் 5004 என்றும் நீங்களே எழுதி, 'கனெக்ட்' கொடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கனெக்ட் கொடுத்தால் போதும். பிறகு பேட் பக்கத்து மிடி-ஆக்ஸில் உள்ளீடு ஆக்டாபேட், வெளியீடு 'பேட்' செஷன். மெயின் பக்கத்தில் சாம்ப்ளர் மென்பொருளின் மிடி உள்ளீட்டில் 'மெயின்' செஷனைத் தேர்ந்தெடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் கனெக்ட் ஆகாவிட்டால் முதல் சந்தேகம் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் நெட்வொர்க் தகவலைத் தடுக்கும் விண்டோஸ் காவல்) மேல்தான். கேட்வே இல்லாத நெட்வொர்க்கை விண்டோஸ் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று வைத்து, பப்ளிக் வகையில் தள்ளிவிடும். நிறுவும்போது 'பிரைவேட்' மட்டும் டிக் செய்திருந்தால், வீட்டு வைஃபையில் ஒழுங்காக ஓடியது மேடையில் ஓடாது. ஃபயர்வால் பட்டியலில் ஆர்டிபிமிடிக்குப் பப்ளிக் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். யுடிபி (UDP, மேலே சொன்ன ஒயர் வகை அல்ல, தகவல் அனுப்பும் முறை) போர்ட் 5004, 5005 இரண்டும் திறந்திருக்க வேண்டும். அழைப்பு இரண்டு போர்ட்டிலும் போய் வந்தால்தான் இணைப்பு நிற்கும். இரண்டாவது செஷன் வைத்தால் அதற்கு 5006, 5007. பிங் அடித்து (எதிர்க் கணினி பதில் தருகிறதா என்று சோதித்து) பதில் வரவில்லை என்று ஒயரைக் குறை சொல்லாதீர்கள், பப்ளிக் வகையில் விண்டோஸ் பிங்குக்கும் பதில் தராது.

வைஃபையில் தாளம் வாசிக்காதீர்கள். மிடி ஒயரில் ஒரு நோட் போக ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும், லேன் ஒயரிலும் அந்த அளவுதான். வைஃபையிலோ ஒரு தட்டு 3 மில்லி செகண்டிலும் அடுத்தது 40-லும் போய்ச் சேரும். தாமதம் ஒரே சீராக இருந்தால் வாசிப்பவர் பழகிக்கொள்வார், ஏறி இறங்கினால் பழகவே முடியாது. கொடையில் கூடுகிற கூட்டத்தின் கைகளில் உள்ள போன்கள் எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மிக்சரில் சீன் (சேமித்து வைத்த அமைப்பு) மாற்றுவது போன்ற வேலைக்கு வைஃபை பரவாயில்லை.

கீபோர்டில் ஒவ்வொரு நோட்டும் இரட்டையாக, கொஞ்சம் தடித்துக் கேட்டால், வாசித்தது கணினிக்குப் போய் அதே கீபோர்டுக்குத் திரும்பி வருகிறது என்று அர்த்தம். கீபோர்டில் 'லோக்கல்' (கட்டையை அழுத்தினால் கீபோர்டே நேராக ஒலிப்பது) என்பதை ஆஃப் செய்யுங்கள், அல்லது மிடி-ஆக்ஸில் திரும்பும் வழியை வெட்டுங்கள். இரண்டு கணினியிலும் திரும்பும் வழி திறந்திருந்தால் அதே நோட் சுற்றிக்கொண்டே இருந்து எல்லாவற்றையும் திணறடிக்கும்.

நோட் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால், நோட் ஆஃப் தகவல் வழியில் தொலைந்திருக்கலாம். ஆர்டிபி-மிடியில் ஒவ்வொரு பொட்டலமும் முந்தைய தகவலின் குறிப்பையும் சுமந்து வருவதால், தொலைந்தது அடுத்த பொட்டலம் வந்ததும் சரியாகிவிடும். ஒரே தகவலைப் பல கணினிகளுக்கு ஒருசேர அனுப்பும் மல்டிகாஸ்ட் முறையில் இயங்கும் க்யூமிடிநெட் போன்ற மென்பொருட்களில் அந்தக் காவல் இல்லை, மேடைக்கு நான் அவற்றைச் சொல்ல மாட்டேன். எதுவானாலும் ஒரு அபாய பட்டனை ஒதுக்கி வையுங்கள்: 16 சேனலுக்கும் முதலில் சிசி (கன்ட்ரோல் சேஞ்ச் என்ற மிடி கட்டளை) 64 மதிப்பு 0, அதாவது சஸ்டெய்ன் பெடலை விடுவிப்பது, பிறகு சிசி 123, எல்லா நோட்டையும் நிறுத்துவது. சஸ்டெய்ன் அழுந்திய நிலையில் 123 மட்டும் அனுப்பினால் நோட் அடங்காது. அப்படியும் நிற்காவிட்டால் சிசி 120, எல்லா ஒலியையும் உடனே அணைப்பது.

டோன் மாற்றும்போது பக்கத்து டோன் வந்தால் அது எண்ணும் முறையில் உள்ள வேறுபாடு. ஒயருக்குள் எண்கள் 0 முதல் 127 வரை போகும், பல கருவிகளின் திரையில் 1 முதல் 128. பேங்க் (டோன்களின் தொகுப்பு) மாற்ற சிசி 0, சிசி 32, அதன் பிறகே புரோகிராம் சேஞ்ச் (டோன் மாற்றும் கட்டளை). வரிசை புரண்டால் பழைய பேங்கிலிருந்தே டோன் வரும்.

கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் அந்த ஒன்றிரண்டு நொடியில் லேப்டாப் பேட்டரியில் தாக்குப்பிடிக்கும், சுவிட்ச் அணைந்துவிடும். ரூட்டர் வேண்டாம் என்றது இதற்காகத்தான்: ரூட்டர் எழுந்து ஐபி கொடுக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகலாம், சாதாரண சுவிட்ச் சில நொடியில் வந்துவிடும். அதன் அடாப்டர் வோல்ட்டுக்குப் பொருந்துகிற சின்ன டிசி யூபிஎஸ் ஒன்றைச் சேர்த்துவிட்டால் அந்த இடைவெளியே இருக்காது. லேப்டாப்பில் ஸ்லீப்பையும், நெட்வொர்க் கார்டின் மின்சேமிப்பு வசதியையும் முன்கூட்டியே அணைத்து வையுங்கள். கடையம், தென்காசிப் பக்கம் சாரல் நேரத்தில் வாசித்தால் லேன் பிளக்குகளையும் சுவிட்சையும் தரையில் விடாமல், மேஜைக்கு அடியில் கட்டித் தொங்கவிடுங்கள்.